அலறிய மெஷின், முனகிய மெஷின்

ஏஷியாட் முடிந்த மறு வருஷம், தண்ணீருக்குள் புதைந்து கிடக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கிற மெஷின் ஒன்றை என் வீட்டுக்காரர் செகண்ட் ஹாண்டில் வாங்கினார். வெள்ளைக்காரர்கள் கடற்கரையிலும் ஏரியிலும் இறங்கி, குளிக்க வந்தவர்கள் தொலைத்த மோதிரத்தையும் காசையும் பொழுதுபோக்காகத் தேடுவதற்குச் செய்த சாமான் அது. தில்லிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். அவர் தேடப் போனது யமுனையில். தேடியது என் சங்கிலியை. கிடைத்தால் நான் யோக்கியமானவள். கிடைக்காவிட்டால், தூக்கி என் தம்பியிடம் கொடுத்துவிட்டு ஆற்றில் போய்விட்டது என்று கதை கட்டியவள். என் மானம் அந்த மெஷினின் வாயில் இருந்தது.

சங்கிலி எப்படிப் போனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குத் திருச்சிப் பக்கம். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஆடிப்பதினெட்டு வந்தால் காவிரிக்கு எங்கே போவது? யமுனையைக் காவிரியாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து, புளியோதரையும் தேங்காய் சாதமும் கட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி ஓக்லாவுக்குப் போவோம். அங்கே ஆற்றில் இறங்க நாலைந்து படி உண்டு. காதோலை, கருகமணி, மஞ்சள், பூ எல்லாவற்றையும் தாம்பாளத்தில் வைத்துக் கும்பிட்டுவிட்டு அப்படியே தண்ணீரில் விட வேண்டும். கரையில் நிற்கிற ஹிந்திக்காரர்கள் எங்களைப் பார்த்து ஏதோ செய்வினை வைக்கிறோம் என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள்.

அன்றைக்கே தாலிக் கயிறும் மாற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். மற்ற நாளில் நான் தாலியைக் கோதுமைச் சங்கிலியில் கோத்து ரவிக்கைக்குள் போட்டிருப்பேன். கோதுமைச் சங்கிலி என்றால் பொடிப்பொடிக் கண்ணியாக, விரலில் சுற்றினால் நூல் மாதிரி சுருண்டுகொள்ளும். இரண்டு பவுன். என் மாமியார் கழுத்தில் இருந்தது, அவர் போன பிறகு எனக்கு வந்தது. ஆற்றங்கரையில் தாலியை அதிலிருந்து உருவிப் புது மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டேன். இரண்டு கையும் மஞ்சளும் ஈரமுமாக இருந்ததால் சங்கிலியைத் தாம்பாளத்தில், பூவுக்கு நடுவில் வைத்தேன். பிறகு கும்பிட்டேன். பிறகு தாம்பாளத்தைக் கவிழ்த்தேன்.

அவ்வளவுதான். என் கையாலேயே கவிழ்த்தேன். பூ மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்று, பஸ்ஸில் பாதி தூரம் வந்த பிறகுதான் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். கூடப் போன மூன்று பேரும் அவரவர் கயிற்றைக் கட்டுவதில் இருந்தார்கள். நான் சங்கிலியைத் தாம்பாளத்தில் வைத்ததையோ அது தண்ணீரில் போனதையோ யாரும் பார்க்கவில்லை. திரும்ப ஓடினோம். ஆடி மாதத்து வெள்ளம், டீ நிறத்தில் படியை அடித்துக்கொண்டு போனது. முழங்கால் வரைக்கும் இறங்கித் துழாவினேன். சேறுதான் வந்தது.

ஆர்.கே.புரத்தில் இருந்த என் நாத்தனாருக்கு அன்றைக்குக் காய்ச்சல், அதனால் வரவில்லை. விஷயம் கேட்டதும் காய்ச்சல் பறந்துவிட்டது. மறுநாளே வந்து உட்கார்ந்தாள். "ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்வாங்க அண்ணி. நீங்க எங்கம்மா சங்கிலிய அளக்காம போட்டிருக்கீங்க," என்றாள்.  வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உங்க தம்பி ஊருக்குப் போய் எத்தனை நாள் ஆச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

என் தம்பி ஆடியில் வந்து எட்டு நாள் இருந்துவிட்டு, ஆடிப்பதினெட்டுக்கு முதல் நாள்தான் ரயில் ஏறினான். வாடகை சைக்கிள் கடை வைக்கப் போகிறேன், பேங்கில் கடனுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன் என்று சாப்பிடும்போதெல்லாம் அதே பேச்சு. அவனுடைய போதாத காலம், ஆவணியில் கடை திறந்துவிட்டான். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை வந்தது. என் வீட்டுக்காரர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "அதானே பாத்தேன்," என்றார்.

அவர் கத்துகிற மனுஷன் இல்லை. கத்தியிருந்தால் நானும் கத்தித் தீர்த்திருப்பேன். மத்திய சர்க்கார் ஆபீஸில் பர்ச்சேஸ் செக்‌ஷன். ஒரு மேஜை விசிறி வாங்கினாலும் மூன்று கடையில் கொட்டேஷன் வாங்கி, கோடு போட்ட தாளில் கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்ட் எழுதினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். என் விஷயத்திலும் அப்படித்தான். திட்டவில்லை, அடிக்கவில்லை. ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு சாட்சிக்காகக் காத்திருந்தார்.

சாட்சி வந்த வழிக்கும் நானே காரணம். ஜங்புராவில் சாக்கடை ஓரத்து மதராசி கேம்ப் குடிசையிலிருந்து ஒரு பெண்பிள்ளை என்னிடம் வருவாள். விழுப்புரம் பக்கத்துக்காரி. எழுதப் படிக்கத் தெரியாது. ஊரில் இருக்கிற மகளுக்கு அவள் சொல்லச் சொல்ல நான் இன்லேண்டில் எழுதிக் கொடுப்பேன். சாணக்யபுரியில் ஒரு தூதரக உத்தியோகஸ்தர் வீட்டில் பெருக்கித் துடைக்கிற வேலை. ஒரு நாள் கடிதத்தில் எழுதச் சொன்னாள், "எங்க தொர மாத்தலாகிப் போறாரு. பீரோ, மேசை, மண்ணுல காசு தேடற மெசினு எல்லாத்தையும் விக்கறாரு." நான் எழுதுவதை நிறுத்திவிட்டு, "என்ன மெஷின்?" என்று கேட்டேன்.

"ரெண்டு வச்சிருக்காருமா. லீவு வுட்டா கோவாவுக்குப் போவாரு, ஏரிக்குப் போவாரு. காதுல மாட்டிகினு தண்ணில நடப்பாரு. கத்துச்சுன்னா நோண்டுவாரு."

எனக்குச் சாமி கண்ணைத் திறந்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் வந்ததும் காப்பியைக் கூட ஆற்றாமல் சொன்னேன். நான்தான் சொன்னேன், நான்தான் வாங்குங்கள் என்றேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். அவரும் உடனே சரி என்றார். எனக்காகச் சரி என்கிறார் என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். அவளிடம் மட்டும் எதற்காக என்று சொல்லவில்லை. வீட்டு விஷயம் கேம்ப் வரைக்கும் போவானேன் என்று மூடி மறைத்தேன்.

புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை காலையில் சாணக்யபுரிக்குப் போனோம். அந்த வீட்டுப் புல்வெளியில் எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கையே நிறுத்தலாம். நாற்காலி, விளக்கு, குழந்தைத் தொட்டில் எல்லாம் புல்லில் பரப்பியிருந்தது. பத்துப் பதினைந்து பேர் வந்து தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு போர்வையில் அந்த இரண்டு மெஷினும்.

சின்னது லேசானது. கம்பு, கம்பின் நுனியில் ஒரு தட்டு, கைப்பிடியில் ஒரு பெட்டி. தட்டும் கம்பும் தண்ணீரில் நனையலாம், பெட்டி நனையக் கூடாது. பெரியது அப்படியே முழுதாக முங்கலாம். தோசைக்கல் அகலத்துக்குத் தட்டு, இடுப்பில் கட்டிக்கொள்ள இரும்புக் குண்டு மாதிரி ஒரு பெட்டி, மூடியைச் சுற்றி ரப்பர் வாஷர், காதில் மாட்ட இரண்டு கிண்ணம். துரை நல்ல மாதிரி. எதில் தேடப் போகிறீர்கள், கடலிலா ஆற்றிலா என்று கேட்டார். ஆற்றில் என்று இவர் சொன்னதும், அப்படியானால் சின்னதை எடுங்கள் என்றார். எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷ்தான், ஆனாலும் புரிந்தது. உப்புத் தண்ணீரில் சின்னதுக்குப் புத்தி தடுமாறும், அதனால் கடலுக்குப் பெரியது. ஆனால் பெரியதுக்கு ஆணிக்கும் தங்கத்துக்கும் வித்தியாசம் தெரியாது, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கத்தும். நல்ல தண்ணீரில் சின்னதுதான் கெட்டிக்காரன்.

பிறகு அந்த மனுஷர் கேட்க வேண்டியதைக் கேட்டார். "குறிப்பாக என்ன தேடுகிறீர்கள்?"

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து நின்று, "ஜெனரல்," என்றார்.

ஜெனரலாம். பெண்டாட்டியின் சங்கிலி என்று ஒரு வெள்ளைக்காரரிடம் எப்படிச் சொல்வது? அப்புறம் அது எப்படித் தொலைந்தது என்பார், இவர் நம்புகிறாரா என்று முகத்தைப் பார்ப்பார். ஊர் பேர் தெரியாத அந்நியர், அடுத்த வாரம் பிளேன் ஏறப்போகிறவர், அவரிடம் போய்க் குடும்ப மானம்! நானும்தான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். சங்கிலி என்ற ஒரு வார்த்தையை எங்களில் யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

துரையை யாரோ தொட்டிலுக்கு விலை கேட்கக் கூப்பிட்டார்கள். ஏதாவது ஒன்றைப் புதைத்துவைத்துச் சோதித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். முந்தின ராத்திரியே இரண்டு பத்தி கோடு போட்டுக்கொண்டு வந்திருந்தார். எடை, ஆழம், அட்டைப் பெட்டி உண்டா, புத்தகம் உண்டா, துரு. பெரியதற்கு அட்டைப் பெட்டியும் இருந்தது, புத்தகமும் இருந்தது. சின்னதற்கு இரண்டும் இல்லை, பேட்டரி மூடியில் பச்சை பூத்திருந்தது. "ரெக்கார்டு இல்லாத சாமான்," என்று அதன் பத்தியில் ஒரு பெருக்கல் குறி போட்டார். ரப்பர் வாஷர் வெடித்திருக்கிறதா, கம்பி அறுந்து ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு அந்தத் தாளில் பத்தி இல்லை.

சோதிப்பதற்கு என் அம்மா போட்ட சின்னச் சங்கிலியைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தேன். அதுவும் மெல்லிசுதான். செருப்பைப் புல்வெளி ஓரத்தில் கழற்றிப் போட்டோம். புல்லும் யாரோ வளர்த்த பயிர், செருப்புக் காலோடு மிதிக்க மனசு வரவில்லை. அங்கே நாங்கள் இரண்டு பேர்தான் வெறுங்கால்.

முதலில் சின்ன மெஷின். சங்கிலியைப் புல்லுக்குள் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். இவர் தட்டை மேலே ஆட்டினார். கொசு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம், அதுவும் வந்தது போல வந்து நின்றுபோனது. இரண்டாவது தடவையும் அதே. "என்ன இது, முனகுது?" என்றார்.

அடுத்தது பெரியது. அதற்குள் எனக்குப் பயம் வந்துவிட்டது. புல் அடர்த்தி, இந்தச் சங்கிலியும் போய்விட்டால் நான் எங்கே போவேன்? குனிந்து தடவி எடுத்து, மறுபடி வைத்து, இந்தத் தடவை தள்ளிப் போகாமல் பக்கத்திலேயே, சங்கிலி கால் விரலில் படுகிற மாதிரி நின்றுகொண்டேன். இவர் தட்டைக் கொண்டுவந்தார். காதில் கிண்ணம் மாட்டியிருந்தது அவர், ஆனால் அலறல் எனக்கே கேட்டது. தட்டைத் தள்ளிக் கொண்டுபோனால் நின்றது, என் கால் பக்கம் வந்தால் மறுபடி அலறியது. அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து மாசக்கணக்காகியிருந்தது.

"பாத்தியா! கடலுக்கே ஆகும்னா ஆத்துக்கு ஆகாதா?" என்றார்.

துரை திரும்பி வந்து, ஆற்றுக்கா பெரியது என்று இன்னொரு தடவை கேட்டார். இவர் சிரித்துத் தலையாட்டினார். மெஷினை டாக்ஸியில் வைத்துக் கொண்டுவந்தோம். வழி நெடுக நான் சாமிக்கு வேண்டிக்கொண்டே வந்தேன்.

ஐப்பசி கடைசியில்தான் ஆறு இறங்கியது. அதற்குள் துர்கா பூஜை முடிந்து, மரச்சட்டமும் ஆணியும் கம்பியுமாக எத்தனை சிலைகளை அந்தப் படியில் கரைத்தார்களோ. முதல் ஞாயிற்றுக்கிழமை அரை டிராயரும் பனியனுமாக இவர் இறங்கினார். நான் கரையில் இரும்புச் சல்லடையோடு. தட்டைத் தண்ணீரில் விட்டதுமே மெஷின் கத்த ஆரம்பித்தது. ஆணி. இன்னொரு ஆணி. பத்துப் பைசா. ஆணி. ஒரு சின்னத் திரிசூலம். சோடா மூடி. மறுபடி ஆணி. ஓடக்காரன் ஒருவன் இவரைச் சர்க்கார் சர்வே ஆள் என்று நினைத்து, "பாபுஜி, இங்கே பாலம் வருதா?" என்று ஹிந்தியில் கேட்டான். எதைத் தேடுகிறீர்கள் என்று இன்னொருவன் கேட்டதற்கு, "ஜெனரல்," என்று அவனிடமும் இங்கிலீஷில் சொன்னார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை. அந்தத் தண்ணீரில் நின்று நின்று அவர் காலெல்லாம் சொறி பிடித்தது. நான் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவினேன். அந்த மூன்று வாரமும் நாங்கள் சேர்ந்து ஒரு காரியம் செய்கிறோம் என்று எனக்கு ஒரு நிம்மதி கூட இருந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எண்ணெய்க் கடாய் நிறைய ஆணி சேர்ந்தது. நான் நின்ற படியைச் சுற்றி எட்டடிக்கு எட்டடி அவர் சுத்தமாக வாரிவிட்டார். ஒரு கட்டத்தில் மெஷின் கத்துவதை நிறுத்தியது.

அவர் தட்டைக் குறுக்கும் நெடுக்குமாக ஆட்டினார். சத்தமே இல்லை. காதுக் கிண்ணத்தைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இங்க ஒண்ணும் இல்ல," என்றார்.

"இன்னும் ஆழத்துல போயிருக்கும்ங்க. வெள்ளம் இழுத்துக்கிட்டுப் போயிருக்கும்."

"ஆணி கிடைக்குது. பத்துப் பைசா கிடைக்குது. உன் சங்கிலிய மட்டும் வெள்ளம் இழுத்துச்சா?" கரையேறி வந்து காலைத் துடைத்துக்கொண்டார். "மெஷின் பொய் சொல்லாது."

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். வீட்டுக்கு வந்து என் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுதி முடித்து என்னிடம் படிக்கவும் கொடுத்தார், அவர் எதையும் மறைக்கிறவர் இல்லை. விஞ்ஞான முறைப்படி தேடியாகிவிட்டது, பொருள் குறிப்பிட்ட இடத்தில் இல்லை, தங்கள் குமாரரை விசாரிக்கவும். ஆபீஸ் கடிதம் மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டிருந்தது. நான் தபால் பெட்டிக்குப் போக விடாமல் அதைப் பிடுங்கினேன். அவர் அமைதியாக இன்னொரு காப்பி எழுதிப் போட்டார்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை தபால்காரன் இன்ஷ்யூர் செய்த பார்சல் கொண்டுவந்தான். அரக்கு முத்திரை வைத்துத் தைத்த துணி. இவர் வீட்டில் இருந்தார், இவரே கையெழுத்துப் போட்டு வாங்கினார், இவரே பிரித்தார். உள்ளே கோதுமைச் சங்கிலி, இரண்டு பவுன், புத்தம் புதுசு. தம்பியின் கையெழுத்தில் ஒரு துண்டுத் தாள். "அக்கா, நான் எடுக்கவில்லை என்று உனக்குத் தெரியும். ஆனாலும் நீ அந்த வீட்டில் தலை நிமிர்ந்து இருக்க வேண்டும். ஆற்றில் கிடைத்துவிட்டது என்று சொல்லிக்கொள்." ஆறு வாடகை சைக்கிளை விற்று அதைச் செய்திருந்தான் என்று பிறகு அப்பா எழுதினார். கடையில் இருந்ததே எட்டு.

பொய் சொல்லத் தெரியாத குடும்பம் எங்களுடையது. சொல்ல நினைத்த பொய்யைக் கூடத் தபாலில் எழுதி, அதை யார் பிரிப்பார்கள் என்று யோசிக்காமல் அனுப்பியிருக்கிறான், மடையன். என் செல்ல மடையன்.

இவர் அந்தத் தாளைப் படித்தார். சங்கிலியை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். பிறகு மேஜைமேல் வைத்துவிட்டு, "ஒரு வழியா திருப்பிக் குடுத்துட்டான்," என்றார். கோபம்கூட இல்லை. ஃபைலை மூடிய திருப்திதான் இருந்தது. நாத்தனாருக்கு அன்றைக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நான் அந்தச் சங்கிலியைத் தொடவே இல்லை. அவரே பீரோவில் வைத்துப் பூட்டினார்.

பொங்கல் கழித்து அந்த விழுப்புரத்துக்காரி வந்தாள். துரை போன கையோடு அவளும் மகள் பிரசவத்துக்கு ஊருக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். பரணில் கிடந்த அட்டைப் பெட்டியைப் பார்த்து, "தொர மெசினு! இத்த வச்சி என்னாம்மா தேடினீங்க?" என்றாள். எனக்கு இனி மறைக்க என்ன இருக்கிறது? அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு கேட்டாள். கடைசியில், "அய்யய்யோ, சங்கிலியா?" என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாம்மா? தொரசானியம்மா சங்கிலி போன வருசம் தோட்டத்துல வுழுந்துடுச்சு. தொர இத்த எடுத்துகினு ரெண்டு நாளு தேடுனாரு. இது கத்தவே இல்ல. மூணாம் நாளு நான் எல பெருக்கசொல்ல தொடப்பத்துல மாட்டிகினு வந்துச்சு. அன்னிக்கே தொர சிரிச்சிகினு சொன்னாரு, மோதிரம் வளையம்னா இது ஊரக் கூட்டும், பொடிச் சங்கிலின்னா இதுக்குக் கண்ணே தெரியாதாம். சின்னதுக்காவது கொஞ்சம் தெரியுமாம்."

"இல்லையே, புல்லுல வச்சுப் பாத்தோம். அப்படி அலறுச்சு," என்றேன்.

"எங்க வச்சீங்க?"

காட்டினேன். சங்கிலி இங்கே, நான் இங்கே, என்று எழுந்து நின்று காட்டினேன். அவள் என் காலைப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன். இரண்டு காலிலும் மெட்டி. கல்யாணத்தன்று போட்டது, கெட்டி வெள்ளி. கழற்ற வேண்டும் என்று தோன்றியதே இல்லை. எந்த ஊர்க்காரி கழற்றுவாள்? என் மெட்டிக்கு அலறியிருக்கிறது அந்தச் சனியன்.

 அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் பேப்பர் படிக்கும்போது, பெட்டியை இறக்கினேன். புது பேட்டரி வாங்கி வைத்திருந்தேன். பீரோச் சாவியை வாங்கித் தம்பி அனுப்பிய சங்கிலியை எடுத்து, கூடத்தில் ஒரு கோணியைத் தண்ணீரில் நனைத்து விரித்து அதற்கடியில் வைத்தேன். "காதுல மாட்டுங்க," என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ, மறுபேச்சுப் பேசாமல் மாட்டிக்கொண்டார்.

தட்டைக் கோணிமேல் நான் பிடித்தேன். சத்தம் இல்லை. மெட்டி ஒன்றைக் கழற்றி அதே கோணிக்கடியில் போட்டேன். அலறியது. எடுத்தேன், நின்றது. சங்கிலியை மட்டும் வைத்தேன், தட்டைத் தரையோடு தரையாகத் தேய்த்தேன். ஊமை. நாலு தடவை செய்தேன். நாலாவது தடவை அவர் காதிலிருந்து கிண்ணத்தைக் கழற்றிவிட்டார்.

"துரை வீட்டுல இது கத்தினது என் கால் மெட்டிக்கு. ஆத்துல என் சங்கிலி இது கண்ணுல பட்டிருக்கவே படாது. அது அங்கதான் கிடக்கு," என்றேன்.

அவர் கோணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்த்திருந்தது, ஜனவரி மாதத்துத் தில்லியில். நான் காத்திருந்தேன். தப்பு என்று சொல்லக்கூட வேண்டாம், ஐயோ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்தது எனக்கு.

"மெஷின் கெட்டுப் போயிருக்கும். தண்ணி உள்ள போயிருக்கும்," என்றார்.

"மெட்டிக்குக் கத்துதே?"

 எழுந்து சங்கிலியைக் கையில் எடுத்தார், வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே சொன்னார்: "சரி, உன் சங்கிலி ஆத்துலயே இருக்கட்டும். எடுக்காதவன் எதுக்கு இத அனுப்பறான்?"

 என் தம்பி எனக்காகக் கடையைக் கரைத்தானே, அதுவே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. இதை எந்த மெஷினை வைத்து நிரூபிப்பேன்? அவர் சங்கிலியை மறுபடி பீரோவில் வைத்தார். நான் கோணியைப் பிழிந்து கொல்லையில் காயப்போட்டேன். பிறகு சமையலுக்கு அரிசி களைந்தேன்.

அந்த வாரமே தம்பிக்கு எழுதினேன். மெஷின் தப்பு என்று தெரிந்துவிட்டது, மெட்டிக்குத்தான் கத்தியது என்பதையெல்லாம் விவரமாக எழுதினேன். மச்சான் அதை ஒத்துக்கொண்டார், உன்னைச் சந்தேகப்பட்டதற்கு ரொம்ப வருத்தப்பட்டார், கண் கலங்கிவிட்டார் என்றும் எழுதினேன். பதில் பத்து நாளில் வந்தது. மச்சான் பெரிய மனசுக்காரர் என்று எனக்கு எப்பவோ தெரியும் அக்கா, என்று எழுதியிருந்தான். அப்பா என் கடிதத்தைத் தெருவில் நாலு வீட்டுக்குப் படித்துக் காட்டினாராம். என் நாத்தனாரின் புகுந்த வீட்டார் ஊரில் அப்பாவுக்குப் பக்கத்துத் தெரு. அவர்கள் மூலமாக அது நாத்தனார் வரைக்கும் வந்து, "எங்கண்ணன் மனசு வெண்ணெய் அண்ணி," என்று அவளும் ஒரு நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆடிப்பதினெட்டிலிருந்து அன்றைக்கு வரைக்கும் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அதை மட்டும் எல்லோரும் கேட்டவுடனே நம்பினார்கள்.